ஊர் தெரியாத தூண் கள்ளி: வெட்டுவதும் பகிர்வதும்

கேள்வி இது: "என்னிடம் எட்டடி உயரத்துக்கு வளர்ந்த ஒரு தூண் கள்ளி இருக்கிறது. நீலம் கலந்த பச்சைத் தண்டு, நீளமான முட்கள். எனக்குக் கொடுத்தவருக்கே அதன் பெயரும் தெரியாது, சொந்த நாடும் தெரியாது. ஒருவர் பெரு என்கிறார், இன்னொருவர் பிரேசில் என்கிறார். இதை வெட்டி நண்பர்களுக்குக் கொடுக்க எண்ணம். எப்படி வெட்டுவது? என்ன பெயர் எழுதிக் கொடுப்பது? ஆண்டுதோறும் பூக்கிறது, ஆனால் காய் பிடிப்பதே இல்லையே, ஏன்?"

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஊகித்த பெயரை எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டு யாரிடமிருந்து யாருக்கு எப்போது வந்தது என்பதை எழுதிக் கொடுங்கள். காய் பிடிக்காததற்கான மருந்தும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. தண்டில் ஊசியால் லேசாகக் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் அது சதுரக்கள்ளியின் உறவு. நாம் பேசும் குடும்பமே அல்ல. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு, வெட்டும் முறையும் வேறு. உண்மையான தூண் கள்ளியில் நிறமற்ற வழவழப்பான சாறுதான் கசியும். தண்டில் நீளவாக்கில் ஓடும் முகடுகளின் மேல் வரிசையாகச் சிறு பஞ்சுத் திட்டுகள் இருக்கும். முட்கள் கொத்தாகக் கிளம்புவது அவற்றிலிருந்துதான். இந்தத் திட்டை முட்கண் என்று வைத்துக்கொள்வோம். முள், கிளை, பூ மூன்றும் அங்கிருந்தே வரும்.

அடுத்து பூவின் குழாயைப் பாருங்கள். மயிரின்றி மொழுமொழுவென்று இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் சீரியஸ் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல இனங்களின் தொகுதி. குழாய் முழுவதும் மயிரடர்ந்து இருந்தால் ட்ரைக்கோசீரியஸாக இருக்கலாம். சான் பெட்ரோ கள்ளி அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. அதில் மெஸ்கலின் என்ற மயக்கப் பொருள் உண்டு. பல நாடுகளில் அந்தப் பொருள் தடை செய்யப்பட்டது. அத்தகைய செடியைப் பகிர்வதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. நீங்கள் சொல்லும் அடையாளங்களிலிருந்து உங்களுடையது சீரியஸ் என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இனிப் பெயர். இந்தக் குழப்பத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயதாகிறது. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 'காக்டஸ் பெருவியானஸ்', 'காக்டஸ் ரெபாண்டஸ்' என்று இரண்டு பெயர்களை இட்டார். 1768இல் ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் பிலிப் மில்லர் இரண்டையும் சீரியஸ் பேரினத்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு தோட்டத்தில் எந்த முள் தூணைப் பார்த்தாலும் 'சீரியஸ் பெருவியானஸ்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெயரில் பெரு இருந்தாலும், உலகம் முழுவதும் அந்தப் பெயரில் வளர்க்கப்படும் செடி பெருவைச் சேர்ந்ததல்ல என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ரெபாண்டஸ் என்ற பெயருக்குரிய செடி குராசோ, அரூபா தீவுகளிலும் வெனிசுவேலா, கொலம்பியாவின் வறண்ட பகுதிகளிலும் தானாக வளர்கிறது. 1890இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் ஷூமன் விவரித்த சீரியஸ் ஹில்ட்மானியானஸ் தெற்கு பிரேசில், உருகுவே, பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா பக்கம் வளர்வது. வடகிழக்கு பிரேசிலின் முட்காடுகளில் ஜமகாரு என்ற இன்னொன்று இருக்கிறது. தோட்டங்களில் பெருவியானஸ் என்ற பெயருடன் நிற்கும் செடிகளில் பல ஹில்ட்மானியானஸுக்கு நெருக்கமானவை; சிலவற்றை ரெபாண்டஸ் என்கிறார்கள்; இன்னும் சில விதையிலிருந்து வந்த கலப்புகள். ஆக, பெரு என்றவரும் பிரேசில் என்றவரும் ஏதோ ஓர் அட்டையைப் படித்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

முகடுகளை எண்ணிப் பார்ப்பது ஓரளவு உதவும். ரெபாண்டஸில் பெரும்பாலும் ஒன்பது, பத்து முகடுகள் இருக்கும், முட்களும் நெருக்கமாக இருக்கும். ஹில்ட்மானியானஸில் முகடுகள் ஐந்திலிருந்து எட்டு வரை. ஜமகாருவில் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வரை. ஆனால் இளந்தண்டில் ஒரு எண்ணிக்கையும் முதிர்ந்த தண்டில் வேறொன்றும் வருவதுண்டு. முட்களோ வெயிலுக்கும் உரத்துக்கும் ஏற்ப நீளும், குறுகும். தேர்ந்தவர்களுக்கே இது சறுக்கும் இடம்தான். தென்னாப்பிரிக்காவில் களையாகப் பரவிய ஒரு தூண் கள்ளியை நெடுங்காலம் ஜமகாரு என்றே பட்டியலிட்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி ஹில்ட்மானியானஸ் என்று பிறகுதான் திருத்தினார்கள். புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு இனத்தின் பெயரை அடித்துச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

சரி, வெட்டுவோம்.

பருவம் முக்கியம். செடி வளரத் தொடங்கும் வெப்பமான, ஈரப்பதம் குறைந்த நாட்களே ஏற்றவை. தொடர்மழையிலும் கடுங்குளிரிலும் கத்தியைத் தொடாதீர்கள். வெட்டுவாய் ஆறுவதற்குள் அழுகல் புகுந்துவிடும். வெட்டுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நீர் விடுவதை நிறுத்திவிட்டால் தண்டில் நீர் குறைந்து காயம் விரைவில் காயும்.

எட்டடித் தூணை அடியில் ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. உள்ளே முழுக்க நீர், எடை அதிகம். சாயும்போது தானும் உடையும், பக்கத்தில் நிற்பவரையும் குத்தும். மேலிருந்து தொடங்குங்கள். ஒருவர் பழைய சாக்கையோ கம்பளத்தையோ பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றி இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வெட்ட வேண்டும். தோல் கையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதிர்ந்த முள் அதையும் துளைக்கும். சப்பாத்திக்கள்ளியில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியாத பூமுட்கள் இதில் கிடையாது, அது ஒரு நிம்மதி. ஆனால் நீள முள்ளின் நுனி விரல் மூட்டுக்குள் ஒடிந்து தங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள். மூட்டு வீங்கிய பிறகு எடுப்பது கடினம்.

துண்டு ஒரு முழ நீளம், அல்லது சற்றுக் குறைவாக இருக்கட்டும். நீளமான மெல்லிய கத்தி நல்லது. அறுப்பதுபோல் இழுத்தால் சதை நசுங்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை எரிசாராயத்தில் துடையுங்கள். வெட்டியவுடன் துண்டின் வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் பச்சைத் தோல், உள்ளே வெளிர்நிறச் சதை, நடுவில் மரத்தன்மையுள்ள ஒரு வளையம், அதற்குள்ளே மறுபடியும் மென்மையான சதை. அந்த வளையத்தில் காவி நிறமோ பழுப்புப் புள்ளியோ தென்பட்டால் நோய் உள்ளே ஏறியிருக்கிறது என்று பொருள். கத்தியைத் துடைத்துவிட்டு, சுத்தமான நிறம் வரும்வரை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக மேலே வெட்டிக்கொண்டே போங்கள். பழுப்பு இருக்கும் துண்டைப் பாவம் பார்த்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பலர் செய்வதில்லை. துண்டின் அடிப்பக்க விளிம்பைச் சுற்றிலும், பென்சில் சீவுவதுபோல, சாய்வாகச் சீவிவிடுங்கள். வேர் கிளம்புவது பெரும்பாலும் நடுவிலுள்ள அந்த வளையத்திலிருந்துதான். சீவாமல் விட்டால் காயும்போது சதை உள்வாங்கி, தடித்த தோல் மட்டும் விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். அடிப்பகுதி குழிந்த கிண்ணமாகி நீரைத் தேக்கும், வேரும் மண்ணைத் தொடாமல் தொங்கும். சீவிவிட்டால் வளையம் இருக்கும் நடுப்பகுதியே மண்ணில் முதலில் அமரும்.

துண்டுகள் ஒன்றுக்கு மேல் என்றால், வெட்டிய கையோடு ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். நுனித் துண்டில் குழப்பம் வராது. இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட நடுத்துண்டில் ஒரு வாரம் கழித்து எது தலை எது கால் என்று தெரியாது; தலைகீழாக நட்டுவிட்டால் வேர் பிடிப்பது தடுமாறும். வெயில் விழும் பக்கத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இதுவரை நிழலில் இருந்த தோல் திடீரென்று மேற்கு வெயிலைப் பார்த்தால் வெந்துவிடும், அந்தத் தழும்பு ஆயுளுக்கும் போகாது.

அடித்தண்டில் மிஞ்சி நிற்கும் வெட்டுவாயைச் சற்றுச் சரிவாக வெட்டிவிடுங்கள். மழை நீர் தேங்காமல் வழிந்துவிடும். சில வாரங்களில் அதற்குச் சற்றுக் கீழுள்ள முட்கண்களில் இரண்டு மூன்று புதுக் கிளைகள் முளைக்கும். நடுத்துண்டுகளும் இப்படித்தான் பக்கத்தில் கிளைக்கும். நுனித் துண்டு மட்டும் தன் நுனியிலேயே நேராக வளர்ந்துகொண்டு போகும். யாருக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்தால், புதிதாக வளர்ப்பவருக்கு நுனியைக் கொடுங்கள். அழகும் உடனே தெரியும், தவறவும் வாய்ப்பு குறைவு.

காய வைக்கும்போது நிழலும் காற்றோட்டமும் இருந்தால் போதும். வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவலாம், தடவாமலும் இருக்கலாம். சுத்தமான கத்தியும் காய்ந்த காற்றும் செய்யும் வேலையில் பாதியைக்கூட அது செய்யாது. வேர்வளர் ஊக்கி இந்தச் செடிக்குத் தேவையே இல்லை. கட்டைவிரல் பருமன் துண்டுக்கு ஒரு வாரம், கைப்பருமனுக்கு இரண்டு மூன்று வாரம், அதைவிடத் தடித்தால் இன்னும் கூடுதல். தொட்டுப் பார்த்தால் வெட்டுமுகம் காய்ந்த பொருக்காக, உறுதியாக இருக்க வேண்டும். இந்த நாட்களில் துண்டை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்து மறந்துவிட்டால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளையும், கீழ்ப்பக்க முகட்டிலிருந்து வேரும் இறங்கும்.

நடும்போது ஆழம் வேண்டாம். மூன்று நான்கு அங்குலம் போதும். சாயாமலிருக்க ஒரு கோலில் கட்டுங்கள். மண்ணில் பாதிக்கு மேல் பெருமணலோ உடைத்த செங்கல்லோ பியூமிஸ் கல்லோ இருக்கட்டும், மாவாக நைந்த மண் ஆகாது. தண்டைவிடச் சற்றே பெரிய தொட்டி போதும். அளவுக்கு மீறிய தொட்டியில் ஈரம் தங்கிப்போகும். முதலில் தண்ணீரே வேண்டாம். ஓரிரு வாரம் கழித்து லேசாக நனைக்கலாம். பிறகு மெல்ல அசைத்துப் பாருங்கள். பிடிப்பு தெரிந்தால் வேர் இறங்கிவிட்டது. வேர் வரும்வரை தண்டு சற்றுச் சுருங்கும். அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றுவதாலேயே போத்துகள், அதாவது வெட்டி நட்ட துண்டுகள், அதிகம் அழுகுகின்றன.

தொலைவில் இருப்பவருக்கு அனுப்புவதானால் வேர் பிடித்த செடியைவிட, பொருக்கு கட்டிய வேரில்லாத துண்டே சிறந்தது. மண் போகாது, மண்ணோடு வரும் புழுவும் போகாது. செய்தித்தாளை அடுக்கடுக்காகச் சுற்றி, கெட்டி அட்டைக் குழாயில் வைத்து, உள்ளே உருளாதபடி தாளை அடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம்; உள்ளே வியர்த்து அழுகும். பெட்டியின் வெளியே 'முட்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். தபால்காரரும் ஒரு மனிதர்.

அனுப்புமுன் ஒவ்வொரு முட்கண்ணையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெண்பஞ்சுத் திட்டுக்கும் மாவுப்பூச்சிக்கும் வேறுபாடு சட்டென்று தெரியாது. இது சில்லறை விஷயமல்ல. 1975இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களையாகப் பரவிய ஹாரிசியா கள்ளியை அழிப்பதற்கென்றே தென் அமெரிக்காவிலிருந்து ஒரு மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அது நன்மை செய்தது. ஆனால் அதே குழுவைச் சேர்ந்த ஒரு மாவுப்பூச்சி போர்ட்டோ ரிக்கோவுக்குள் தற்செயலாக நுழைந்து, அந்த மண்ணுக்கே உரிய தூண் கள்ளிகளின் நுனிகளைக் கட்டிகட்டியாகத் திரளச் செய்து, பூக்கவிடாமல் உருக்குலைத்து வருகிறது. அன்பாகக் கொடுக்கும் ஒரு துண்டிலும் இப்படி ஒன்று ஏறிக்கொள்ளலாம். புதிதாக வாங்கும் துண்டையும் மற்ற கள்ளிகளிலிருந்து சில வாரம் தள்ளியே வையுங்கள்.

கழித்த துண்டுகளைத் தரிசிலோ ஓடைக்கரையிலோ எறிவது அதைவிடத் தவறு. இந்தச் செடி விழுந்த இடத்தில் வேர்விடும். தென்னாப்பிரிக்காவில் இது சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய களை. அங்கே இதை வளர்ப்பதும் கைமாற்றுவதும் குற்றம். உங்கள் பகுதியிலும் களைப்பட்டியல் இருந்தால் பார்த்துவிடுங்கள். எல்லை கடந்து அனுப்புவது முற்றிலும் வேறு விவகாரம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கள்ளிக் குடும்பம் சில விலக்குகள் தவிர முழுவதும் அடங்கும். தோட்டத்தில் வளர்த்த துண்டாக இருந்தாலும் அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது. ஓர் உறையில் போட்டு அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது காய் பிடிக்காத கதை. சீரியஸ் பூ அந்தி சாய்ந்த பிறகு விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். ஓர் இரவுதான் அதன் வாழ்வு. அந்த இரவில் பருந்து விட்டில்பூச்சியோ அதுபோன்ற ஒன்றோ வர வேண்டும். வந்தாலும் போதாது, இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசஃப் மிஸ்ராஹியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பழப்பயிராக வளர்த்தெடுத்தபோது இது தெளிவாகத் தெரியவந்தது. அந்தப் பழம் அங்கே கூபோ என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. அங்கே பழம் வேண்டுமென்றால் மரபில் வேறுபட்ட இரண்டு செடிகள் வேண்டும், பல நேரம் கையாலேயே மகரந்தம் தடவவும் வேண்டும்.

போத்திலிருந்து வந்த செடி தாய்ச்செடியின் நகல்தான். உங்கள் தெருவில் பத்து வீட்டில் தூண் கள்ளி நின்றாலும், அத்தனையும் ஒரே தாயின் துண்டுகளாக இருந்தால் மகரந்தத்தைப் பொறுத்தவரை அவை ஒரே செடி. ஒன்றுக்கொன்று உதவாது. உங்களுக்குத் துண்டு கொடுத்தவர் வீட்டுச் செடியின் மகரந்தத்தை எத்தனை முறை தடவினாலும் பயனில்லை. வேறு வழியில் வந்த செடி வேண்டும். அது வேறு வழியில் வந்ததுதான் என்று எப்படித் தெரியும்? கைமாறிய குறிப்பு எழுதப்பட்டிருந்தால் தெரியும், இல்லாவிட்டால் ஊகம்தான். துண்டோடு அதன் வரலாற்றையும் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அட்டையில் எழுத வேண்டியது அதிகமில்லை. 'சீரியஸ், இனம் தெரியவில்லை' என்று நேர்மையாக ஒரு வரி. யாரிடமிருந்து எந்த ஆண்டு கிடைத்தது, அவருக்கு யாரிடமிருந்து என்பதும் தெரிந்தால் அதுவும். முகடுகளின் எண்ணிக்கை, பூவின் வெளியிதழ் நிறம், பழம் கண்டதுண்டா என்ற குறிப்பு. துண்டு வந்த வழிக்கு நீங்களே ஓர் எண் வைத்து, அதிலிருந்து போகும் எல்லாத் துண்டுகளுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். 'பெருவியானஸ்' என்று கேள்விப்பட்டிருந்தால் 'இப்பெயரில் கிடைத்தது' என்று சேர்த்து எழுதலாம். அது தகவல், தீர்ப்பு அல்ல. பிற்காலத்தில் ஒரு தாவரவியலாளர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றால், ஊகித்த பத்துப் பெயர்களைவிட இப்படிப்பட்ட ஓர் அட்டை அவருக்கு அதிகம் பயன்படும்.

விதை கிடைத்துவிட்டால் அதையும் பகிருங்கள். பழத்தில் முள் இருக்காது. உள்ளே வெள்ளைச் சதை, அதில் கடுகைப்போன்ற கறுப்பு விதைகள் நிறைய. சதையைக் கழுவி, உலர்த்தி, நனைந்த நுண்மணலின் மேல் தூவுங்கள். மேலே மண் மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். கண்ணாடித் தட்டால் மூடி 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். பூக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு நாற்றும் மரபில் தனித்தனி என்பதால், நகல்கள் மட்டுமே சுற்றிவரும் இடத்தில் புது இரத்தம் பாய்ச்சுவது விதைதான். அட்டையில் 'விதைக்கன்று' என்று குறிப்பிட மறக்காதீர்கள். தாயின் பெயரை மட்டும் எழுதினால் அதுவும் இன்னொரு நகல் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

நாற்று வளரும்வரை காத்திருக்காமல் இந்தப் பருவத்திலேயே பழம் பார்க்க வேண்டுமானால், வேறு வழியில் வந்த சீரியஸ் வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே இரவில் மலர்ந்தால் வேலை எளிது: அங்கே பூத்த பூவிலிருந்து மென்மையான தூரிகையால் மகரந்தத்தை ஒரு சிறு தாளில் தட்டி எடுத்து வந்து, உங்கள் பூவின் நடுவே கதிர்போல் விரிந்து நிற்கும் சூல்முடியில் நன்றாகத் தடவுங்கள். தடவிய பூவின் அடியில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மலரும் நாள் ஒத்துவராவிட்டால், டிராகன் பழம் வளர்ப்பவர்கள் செய்வதுபோல மகரந்தத்தை நன்கு உலர்த்தி, மூடிய சிறு குப்பியில் உறைபதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். குப்பியின் மேலும் செடியின் எண்ணை ஒட்டிவிடுங்கள். நூல் கட்டிய பூ வாடிய பின்னும் அதன் அடி உதிராமல் பச்சையாக நின்று பருக்கத் தொடங்கினால், நீங்கள் தேடிய துணைச்செடி அதுதான். அதிலிருந்தும் ஒரு துண்டு கேட்டு வாங்கிவிடுங்கள்.